வானிலைச் செய்தி எழுதும் ஃப்ரீலான்ஸ் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானிலைச் செய்திகளை ஃப்ரீலான்ஸாக எழுதிச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளோடுதான் வருகிறார்கள். அவற்றையும், அவர்கள் கேட்க மறந்துவிடும் சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் செய்திக்கு ஆயுள் சில மணி நேரம்தான். காலையில் சரியாக இருந்த வரி மாலையில் தவறாகிவிடும். கூலி பேசுவது, தகவல் எடுப்பது, தலைப்பு வைப்பது என்று இந்த வேலையில் உள்ள எல்லாமே அதை ஒட்டித்தான் அமையும்.

வானிலையியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. திரையில் தோன்றி முன்னறிவிப்பு சொல்பவர்களுக்கு அமெரிக்க வானிலைச் சங்கம் போன்ற அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு சான்றிதழ் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. நீங்கள் செய்யப்போவது கணிப்பதல்ல, கணித்தவர்கள் சொன்னதைப் புரிந்துகொண்டு சொல்வது. இந்த எல்லையை மறந்தவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

அதற்காக எதுவுமே தெரியாமல் வரவும் முடியாது. ஒரு அதிகாரபூர்வ அறிக்கையை எடுத்து வைத்தால் அதில் வரும் காற்றழுத்தம், மேலடுக்குச் சுழற்சி, காற்று வேறுபாடு போன்றவை எதைக் குறிக்கின்றன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வளிமண்டல ஆய்வுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த யூகார் அமைப்பு நடத்தும் மெட்எட் இணையதளத்தில் இதற்கான பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வெப்பமண்டலப் புயல்கள், ரேடார், செயற்கைக்கோள் படம் பார்ப்பது ஆகிய மூன்றை மட்டும் படித்தால்கூட தொடங்கப் போதும்.

என்ன மாதிரியான வேலைகள் வரும்?

புயல், வெள்ளம், வெப்ப அலை வரும்போது எழுதும் அவசரச் செய்திதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. உண்மையில் அது மொத்த வேலையில் ஒரு பகுதிதான். 'எல் நினோ என்றால் என்ன', 'இடி இடிக்கும்போது என்ன செய்யக் கூடாது' மாதிரியான விளக்கக் கட்டுரைகளுக்கு ஆண்டு முழுவதும் தேவை இருக்கிறது. வானிலைச் செயலிகளுக்கு இரண்டு வரி அறிவிப்புகள் எழுத ஆள் தேடுவார்கள். கப்பல் போக்குவரத்து, விவசாயம், மின் உற்பத்தி, காப்பீடு ஆகிய துறைகளில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு வாராந்திர வானிலைக் குறிப்பு அனுப்புகின்றன. பெயர் வராத வேலை அது. ஆனால் பணம் ஒழுங்காக வரும்.

என்னைக் கேட்டால், விளக்கக் கட்டுரையில் தொடங்குங்கள் என்பேன். நேர நெருக்கடி இல்லாமல் நிதானமாகச் சரிபார்த்து எழுதலாம். அடுத்த புயல் வரும்போது எடிட்டர் தேடும் பெயர்களில் உங்களுடையதும் இருக்கும்.

கூலியை எப்படிப் பேசுவது?

பலர் ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். விளக்கக் கட்டுரைக்கு அது சரி. ஓடிக்கொண்டிருக்கும் புயல் செய்திக்குச் சரிப்படாது. ஏனென்றால் அந்தச் செய்தி ஒருமுறை எழுதி முடிவதில்லை. அமெரிக்கத் தேசியப் புயல் மையம் புயல் இருக்கும்போது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. கரைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு அறிக்கைக்கும் நீங்கள் கட்டுரையைத் திறந்து மாற்ற வேண்டும். ஒரு கட்டுரைக்கான காசுக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அதனால் அவசரச் செய்திக்கு ஷிப்ட் கணக்கிலோ மணிக் கணக்கிலோ பேசுங்கள். கட்டுரைக் கணக்குதான் என்று அவர்கள் நின்றால், எத்தனை முறை புதுப்பித்துத் தருவீர்கள், அதற்கு மேல் போனால் என்ன தொகை என்று எழுதி வாங்குங்கள். இரவு நேரத்துக்குத் தனி விகிதம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம், வராமல் போகும் புயல். மூன்று நாள் உங்களைத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, புயல் திசை மாறியதும் 'இந்த முறை வேண்டாம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். காத்திருப்புக்கும், எழுதச் சொல்லிவிட்டு ரத்து செய்வதற்கும் ஒரு பங்கு தொகை உண்டு என்று முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். புயல் கிளம்பிய பிறகு பேசினால் நடக்காது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள். உங்கள் கட்டுரையால் வழக்கு வந்தால் மொத்தச் செலவும் உங்களுடையது என்று சில நிறுவனங்கள் போட்டு வைத்திருக்கும். தலைப்பை வைப்பது அவர்கள், படத்தைப் போடுவது அவர்கள், இரவு ஒரு மணிக்கு உங்களைக் கேட்காமல் ஒரு பத்தியை வெட்டுவதும் அவர்கள். பொறுப்பு மட்டும் உங்களுக்கா? அந்த வரியை 'எழுத்தாளர் தெரிந்தே செய்த தவறுக்கு மட்டும்' என்று சுருக்கச் சொல்லுங்கள். கேட்டால் பலர் மாற்றிவிடுகிறார்கள்.

வானிலை அமைதியாக இருக்கும் மாதங்களில்?

உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியாக இருக்காது. வட அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இரண்டு பக்கத்துக்கும் எழுதக் கற்றுக்கொண்டால் இடைவெளி குறையும். அதற்கு மேல் பின்தொடர் செய்திகள் இருக்கின்றன. வெள்ளம் வடிந்து ஆறு மாதம் கழித்து காப்பீட்டுத் தொகை வந்ததா, அணை சரிசெய்யப்பட்டதா என்று எழுத யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நல்ல எடிட்டர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

தகவலை எங்கிருந்து எடுப்பது?

முதலில் அந்தந்த நாட்டின் அரசு வானிலைத் துறை. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். உலக வானிலை அமைப்பில் 193 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டில் மழை பெய்தாலும் அதற்கு எச்சரிக்கை கொடுக்கும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலகம் அங்கே இருக்கும். வெப்பமண்டலப் புயல்களுக்கு வட்டாரவாரியாகப் பொறுப்பான மையங்கள் உண்டு. அட்லாண்டிக்குக்கு மயாமி, வடமேற்குப் பசிபிக்குக்கு டோக்கியோ, வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் புதுதில்லி, தென்மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு ரீயூனியன் தீவு, தென் பசிபிக்கின் ஒரு பகுதிக்கு ஃபிஜியின் நாடி. புயலுக்குப் பெயர் வைப்பதும் பெரும்பாலும் இவர்கள் வேலைதான். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் காற்று 34 நாட் (மணிக்குச் சுமார் 63 கி.மீ.) வேகத்தைத் தொட்டுப் புயலாக அறிவிக்கப்பட்ட பிறகே பெயர் வரும். பட்டியலில் அடுத்த பெயர் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதற்காக, தாழ்வு மண்டலமாக இருக்கும்போதே அந்தப் பெயரில் செய்தி போடாதீர்கள். புயலாகாமலே கரைந்து போவதும் நடக்கும்.

எங்கிருந்து எடுத்தாலும் சரி, எத்தனை மணி அறிக்கை என்பதைக் கட்டுரைக்குள்ளேயே எழுதுங்கள். 'வானிலைத் துறை கூறியுள்ளது' என்பது போதாது. எப்போது கூறியது? இந்த அறிக்கைகள் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். யுடிசியில் இரவு 8 மணி என்றால் ஆசியாவின் பெரும்பகுதியில் மறுநாள் பிறந்திருக்கும். 'இன்று இரவு கரையைக் கடக்கும்' என்று எழுதுவதற்கு முன்னால் யாருடைய இன்று என்று பாருங்கள். நான் கட்டுரைகளில் 'இன்று', 'நாளை' இரண்டையும் கூடிய மட்டும் தவிர்த்து, கிழமையையும் தேதியையும் போட்டுவிடுவேன். இரண்டு நாள் கழித்து யாராவது பகிர்ந்தால் அது புது எச்சரிக்கை மாதிரி தெரியக் கூடாது.

மாடல் படங்களைப் பார்த்து நானே செய்தி எழுதலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

மாடல் என்பது வரப்போகும் வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, 16 நாள் வரை கணக்குப் போடுகிறது, எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாடலிலிருந்தும் கணிசமான பகுதியை இப்போது திறந்துவிட்டிருக்கிறார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் ஒரு வண்ணப் படத்தை எடுத்து, 'வருகிறது ராட்சதப் புயல்' என்று போட்டுவிட முடிகிறது. 14 நாள் கழித்து ஒரு குறிப்பிட்ட ஊரின் மேல் நிற்கும் சிவப்பு வட்டம் அடுத்த ஓட்டத்தில், அதாவது ஆறு மணி நேரத்தில், காணாமல் போய்விடும். போட்டவர் அதைப் பற்றி அடுத்த பதிவு போடுவதில்லை.

இது மாடலின் குறை மட்டும் இல்லை. தொடக்கத்தில் இருக்கும் சின்ன வேறுபாடு நாள்கள் போகப் போகப் பெருகி முடிவையே மாற்றிவிடும் என்பதை அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் எழுதிய ஆய்விலேயே காட்டிவிட்டார். அதனால்தான் மையங்கள் ஒரே மாடலைச் சற்றே மாறிய தொடக்கங்களோடு பலமுறை ஓட்டுகின்றன. ஐரோப்பிய மையத்தின் தொகுப்பில் இப்படி 50 ஓட்டங்களும், மாற்றாத ஓட்டம் ஒன்றும் இருக்கும். ஐம்பதில் நாற்பது ஒரே பக்கம் போனால் ஒரு கதை. ஐம்பதும் ஐம்பது திசையில் சிதறினால் அந்தச் சிதறல்தான் செய்தி: 'எங்கே போகும் என்று இப்போது சொல்ல முடியாது.' இதை எழுதத் தயங்காதீர்கள். அது முன்னறிவிப்பாளர் சொல்லும் நேர்மையான பதில்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மாடலைப் பார்ப்பேன். பதிலை வானிலையாளரிடம் வாங்குவேன். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட எதற்கும் ஊர்ப் பெயரோ மில்லிமீட்டரோ எழுத மாட்டேன்.

ஒரே புயலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு வேகம் போட்டிருக்கிறார்கள். எது சரி?

பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். காற்றின் வேகம் ஒரு சராசரி. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியை எடுக்கின்றன. இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடம். ஜப்பான் உட்படப் பல நாடுகள் உலக வானிலை அமைப்பு சொல்லும் பத்து நிமிடம். குறைந்த நேரத்துக்குச் சராசரி எடுத்தால் எண் கூடத்தான் இருக்கும். ஒரு மையத்தின் எண்ணை எடுத்து இன்னொரு மையத்தின் வகைப்பாட்டில் பொருத்தினால் புயல் உங்கள் கட்டுரையில் மட்டும் வலுவடைந்துவிடும். எந்த மையத்தைத் தொடங்கும்போது எடுத்தீர்களோ அதையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. அமெரிக்காவில் சொல்லும் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகைப்பாடு காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கிறது. மழையையும் கடல்நீர் ஏறுவதையும் அது சொல்லாது. 'வெறும் முதல் வகைப் புயல்தான்' என்று எழுதுவது ஆபத்து. வலுக் குறைந்த புயல் ஒரே இடத்தில் இரண்டு நாள் நின்று பெய்தால் போதும், ஊரே மூழ்கும்.

'30 சதவீதம் மழை வாய்ப்பு' என்பதை எப்படி எழுதுவது?

ஊரில் 30 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ, நாளில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றோ எழுதினால் தப்பு. அந்தப் பகுதியில் நீங்கள் நிற்கும் இடத்தில், சொன்ன நேரத்துக்குள் மழை பெய்ய பத்துக்கு மூன்று வாய்ப்பு. அவ்வளவுதான். மழை எவ்வளவு கனமாக இருக்கும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

புயல் பாதையைக் காட்டும் கூம்புப் படத்திலும் இதே மாதிரிக் குழப்பம் உண்டு. கூம்பு அகலமாக இருப்பதால் புயல் அவ்வளவு பெரியது என்று அர்த்தமில்லை. அமெரிக்க மையத்தின் கூம்பு, முந்தைய ஐந்து ஆண்டுகளில் தாங்கள் செய்த பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி வரையப்படுவது. அதாவது, புயலின் மையமே மூன்றில் ஒரு தடவை கோட்டுக்கு வெளியே போகலாம். பாதிப்போ அதையும் தாண்டி நீளும். கூம்புக்கு வெளியே இருப்பவர்கள் பாதுகாப்பு என்று ஒரு வரி எழுதிவிடாதீர்கள்.

எண்களில் அடிக்கடி நடக்கும் பிழைகள் எவை?

வெப்பநிலை வேறுபாட்டை மாற்றுவதில் பெரிய தளங்களே சறுக்குகின்றன. வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் என்றால் 35.6 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் 'வழக்கத்தைவிட 2 டிகிரி செல்சியஸ் கூடுதல்' என்றால் அது 3.6 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதல். கால்குலேட்டரில் போட்டு 35.6 டிகிரி கூடுதல் என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்குப்படி எல்லோரும் வெந்திருப்போம்.

மழையளவில், எந்த 24 மணி நேரம் என்பது முக்கியம். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்கு முடியும். ஆகவே செவ்வாய்க் கிழமைக் கணக்கில் வரும் மழை பெரும்பாலும் திங்களன்று பெய்தது. 'கனமழை', 'மிகக் கனமழை' எல்லாம் உணர்ச்சிச் சொற்கள் இல்லை. அங்கே 64.5 மி.மீ.-இலிருந்து கனமழை, 204.5 மி.மீ.-ஐத் தொட்டால் அதி கனமழை. வேறு நாடுகளில் வரையறை வேறு. வாசகருக்கு மில்லிமீட்டர் பிடிபடவில்லை என்றால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 100 மி.மீ. பெய்தால் பத்தாயிரம் லிட்டர். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும்.

சாதனை அளவுகளில் அவசரமே வேண்டாம். சிசிலியில் 2021 ஆகஸ்ட் 11 அன்று பதிவான 48.8 டிகிரியை ஐரோப்பாவின் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு உறுதிசெய்தது 2024 ஜனவரியில்தான். லிபியாவின் அல் அசீசியாவில் 1922-இல் பதிவானதாகச் சொன்ன 58 டிகிரி, தொண்ணூறு ஆண்டு பாடப்புத்தகங்களில் இருந்துவிட்டு 2012-இல் நீக்கப்பட்டது. அதனால் 'உறுதிசெய்யப்பட்டால் இதுவே அதிகம்' என்று எழுதுங்கள். காரின் திரையிலும் கடை வாசல் பலகையிலும் தெரியும் வெப்பநிலை செய்தியே அல்ல. நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய ஆளுயரத்தில் வைத்து அளந்ததுதான் கணக்கு.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை எப்படி விளக்குவது?

நிறத்தோடு நிறுத்தாமல், மக்கள் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சேருங்கள். இந்திய முறையில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். பிரிட்டனில் பாதிப்பின் அளவையும் நடப்பதற்கான வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்து நிறம் முடிவாகிறது. அங்கே வாய்ப்பு குறைவு, ஆனால் நடந்தால் பெரும் பாதிப்பு என்பதற்கும் மஞ்சள் வரலாம். ஒரு நாட்டு நிறத்தை இன்னொரு நாட்டு நிறத்தோடு ஒப்பிட்டு எழுத முடியாது.

பயமுறுத்தினால்தானே படிக்கிறார்கள்?

படிப்பார்கள். இரண்டு மூன்று முறை. பிறகு உண்மையான சிவப்பு எச்சரிக்கை வரும்போது 'இவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று கடந்து போவார்கள்.

இதில் மறுபக்கமும் இருக்கிறது. 1987 அக்டோபர் 15 அன்று பிபிசியில் வானிலையாளர் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி எதுவும் வரவில்லை, கவலைப்படாதீர்கள் என்ற பொருளில் பேசினார். அன்றிரவே தென் இங்கிலாந்தைக் கடும்புயல் புரட்டிப் போட்டது. தான் சொன்னது வேறொரு புயலைப் பற்றி என்று அவர் பின்னர் விளக்கினார். யார் நினைவிலும் அந்த விளக்கம் தங்கவில்லை. ஆறுதல் சொல்லும் வரியையும் அச்சமூட்டும் வரியைப் போலவே சரிபார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில், தலைப்பை வலுவாக்க உரிச்சொல் தேவையில்லை, பாதிப்பு போதும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்குவதற்கு முன் கடல்நீர் உயர்ந்து உள்ளே வரும் என்ற எச்சரிக்கை முறையாகவே கொடுக்கப்பட்டது. ஆனால் அதில் இருந்த 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற துறைச் சொல் எதைக் குறிக்கிறது என்று தாக்லோபான் நகரில் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி மாதிரி நீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அறிக்கையில் '5 மீட்டர்' என்று இருந்தால் 'வீட்டின் முதல் மாடி வரை கடல்நீர்' என்று எழுதுவதற்குத்தான் உங்களுக்குக் கூலி.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று எழுதலாமா?

அப்படி ஒரே வரியில் எழுதாதீர்கள். சம்பந்தமே இல்லை என்றும் எழுதாதீர்கள். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெருமழை இன்னும் பெருமழையாகிறது. இது உறுதியான இயற்பியல். ஒரு குறிப்பிட்ட நிகழ்வில் அதன் பங்கு எவ்வளவு என்பதை வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் போன்ற குழுக்கள் சில நாள்களிலோ வாரங்களிலோ கணக்கிட்டுச் சொல்கின்றன. அதுவரை பொதுவான அறிவியலைச் சொல்லி நிறுத்துங்கள். அடைபட்ட வடிகால், ஏரியில் கட்டிய வீடு, தாமதமாகத் திறந்த மதகு ஆகியவற்றையும் கேளுங்கள். எல்லாவற்றையும் காலநிலை மேல் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

படங்களும் வீடியோக்களும்?

வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலையில் கார் பக்கத்தில் நீந்தும் சுறா படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2011-இல் ஐரீன் புயலின்போது பரவிய அந்த ஒட்டுப் படம், 2017-இல் ஹார்வி வந்தபோது மறுபடியும் வேறு ஊர்ப் பெயரில் கிளம்பியது. எந்தப் படமானாலும் அதையே தேடுபொறியில் கொடுத்து, முன்பு எங்கே வந்தது என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள். கடைப் பலகையின் மொழி, வண்டி எண் பலகை, நிழல் விழும் திசை ஆகியவை பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.

உரிமை விஷயம் எளிது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவும் நாசாவும் எடுத்த படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை இல்லை. ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் புவிக் கண்காணிப்புத் திட்டத்தின் செயற்கைக்கோள் படங்களை ஆதாரம் குறிப்பிட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். தனியார் செயலியில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு முன் அவர்கள் விதிகளைப் படியுங்கள்.

சட்டச் சிக்கல் வருமா?

தவறான எச்சரிக்கையைப் பரப்பினால் வரலாம். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது. அமெரிக்காவில் அரசு வானிலைத் துறை வெளியிட்டது போலப் போலி முன்னறிவிப்பு வெளியிடுவது குற்றம். எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்த நாட்டின் விதியைப் பாருங்கள்.

புயல் அடிக்கும் இடத்துக்குப் போய் எழுத வேண்டுமா?

ஃப்ரீலான்ஸருக்கு என் பதில்: போகாதீர்கள். பின்னால் நிற்கும் நிறுவனம் இல்லை, பெரும்பாலும் காப்பீடும் இல்லை. 2013 மே 31 அன்று அமெரிக்காவின் எல் ரெனோ சுழற்காற்றில் டிம் சமாராஸ் என்ற ஆய்வாளர், மகனோடும் சக ஆய்வாளரோடும் இறந்தார். அந்தத் துறையில் மிக எச்சரிக்கையானவர் என்று பெயர் எடுத்தவர் அவர். புயல் கடந்த பிறகு போங்கள். சொல்வதற்கு ஆட்களும் கதையும் அப்போதுதான் அதிகம்.

கருவிகளே எழுதிவிடும் காலத்தில் இந்த வேலை நிலைக்குமா?

தினசரி முன்னறிவிப்பு வரிகளைக் கணினி எழுதுவது புதிதில்லை. கனடா வானிலைத் துறை 1990-களின் தொடக்கத்திலேயே கடல் முன்னறிவிப்புகளை இரண்டு மொழியில் தானாக எழுதும் மென்பொருளை வைத்திருந்தது. கணிப்பிலேயே செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் அப்படி ஒரு மாடலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'நாளை அதிகபட்சம் 34, குறைந்தபட்சம் 26' என்று எழுதிப் பிழைக்க நினைத்தால் அந்தக் கடை மூடியாகிவிட்டது. மையத்துக்குப் போன் போட்டு 'நேற்று சொன்னதிலிருந்து எதை மாற்றினீர்கள், ஏன்?' என்று கேட்கிறவருக்கு வேலை இருக்கிறது.

முதல் வேலையை எப்படிப் பிடிப்பது?

இரண்டு மாதிரிக் கட்டுரைகளைத் தயாராக வைத்திருங்கள். ஒன்று விளக்கம். மற்றது, ஏற்கெனவே நடந்த ஒரு நிகழ்வை அதன் அதிகாரபூர்வ அறிக்கைகளை வைத்து மணிவாரியாகத் தொகுத்தது. வாய்ப்புக் கேட்டு அனுப்பும் கடிதத்தைச் சீசன் தொடங்க ஆறேழு வாரம் முன்னால் அனுப்புங்கள். புயல் நடுவில் எந்த எடிட்டரும் புதியவரின் மின்னஞ்சலைத் திறக்க மாட்டார். எந்த நேர மண்டலத்தில் இருக்கிறீர்கள், எந்த மணிக்கு விழித்திருப்பீர்கள் என்று கடிதத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் தூங்கும் நேரத்தில் நீங்கள் விழித்திருந்தால் அதுவே பெரிய தகுதி. 'சோதனைக்காக' என்று இலவசமாக நான்கைந்து கட்டுரை கேட்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். ஒன்றுக்கு மேல் கேட்டாலே அது சோதனை இல்லை.

முன்னறிவிப்பு பொய்த்துவிட்டால் கட்டுரையை நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். சத்தமில்லாமல் திருத்தவும் வேண்டாம். மேலே ஒரு குறிப்பு சேருங்கள்: எந்த அறிக்கையின்படி எழுதினோம், எப்போது கணிப்பு மாறியது, இப்போதைய நிலை என்ன. கணித்தவரிடம் ஏன் மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். வறண்ட காற்று உள்ளே நுழைந்திருக்கும், அல்லது புயலின் நகர்வு வேகம் கூடியிருக்கும். அதை அடுத்த கட்டுரையாக எடிட்டரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனி இன்வாய்ஸ்.

ஒரே புயலை இரண்டு நிறுவனங்களுக்கு எழுதலாமா?

ஒப்பந்தம் தடுக்காவிட்டால் எழுதலாம். ஒன்றுக்கு அவசரச் செய்தி, மற்றதற்குப் பின்னணி விளக்கம் என்று பிரித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இரண்டு இடத்துக்கும் நேரடிப் புதுப்பிப்பு செய்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய அறிக்கை இருவருக்கும் ஒரே நிமிடத்தில்தான் வரும். யாராவது ஒருவருடைய பக்கத்தில் பழைய வேகமே நின்றுகொண்டிருக்கும்.